சேலத்தில் சாப்பாடு மாறியதற்கும் கிணறு வற்றியதற்கும் தொடர்பு உண்டா?

அயோத்தியாப்பட்டணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். சர்க்கரை நோயைத் தனியாகப் பேசுகிறோம், போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றியதைத் தனியாகப் பேசுகிறோம், அரிசி விலையைத் தனியாகப் பேசுகிறோம். எனக்கு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகத்தான் தெரிகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை காலையில் கம்பங்கூழோ ராகிக் கூழோ, மத்தியானம் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு அல்லது கீரைக் கடைசல். நெல்லுச்சோறு ராத்திரிக்கு, அதுவும் எல்லா வீட்டிலும் கிடையாது. இன்றைக்குக் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை, நடுவில் கடையில் பரோட்டா அல்லது ஃப்ரைட் ரைஸ். பெயர்தான் வேறு வேறு, பரோட்டாவைத் தவிர எல்லாம் அரிசி. காட்டிலும் இதே கதைதான். மானாவாரியாக ராகி, சோளம், கொள்ளு, நிலக்கடலை என்று கலந்து கிடந்த நிலத்தில் போர் போட்ட பிறகு நெல், வாழை, பாக்கு வந்துவிட்டது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு சுமார் 1,200 மி.மீ. தேவை, அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். ராகிக்கு 400 மி.மீ. போதும், 16 லட்சம் லிட்டர். கரும்பு 2,000 மி.மீ. வரை கேட்கும், அதை விடுங்கள். என் கேள்வி இதுதான்: நாம் எல்லோரும் மறுபடி ராகி, கம்பு, சாமைக்குத் திரும்பினால் உடம்பும் தேறி, கிணறும் ஊறிவிடுமா? மேடையில் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உணவியல்_அஸ்தம்பட்டி

நான் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன், உடம்பு பக்கத்தை மட்டும் சொல்கிறேன் அண்ணா.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு (ஐசிஎம்ஆர்-இந்தியாப்) 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றது. அதே ஆய்வுக் குழு 2025-ல் நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்தபோது, ஒரு நாளைக்கு உடம்புக்குப் போகும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. இதில் இந்த இழைக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானியமோ மாற்றினால் மட்டும் நோய் வாய்ப்பு குறைவதாக அவர்கள் பார்க்கவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பயறு, பால் மாதிரியான புரதத்துக்கு மாற்றியவர்களுக்குத்தான் குறைவாகத் தெரிந்தது.

இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். "மேடம், நான் சிறுதானியத்துக்கு மாறிட்டேன், ஆனாலும் சுகர் குறையவில்லை" என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வெல்லம் போட்ட ராகி மால்ட், தினைப் பாயசம், கம்பு பிஸ்கட். சோறு எத்தனை கரண்டியோ அதே கரண்டி வரகரிசி. பக்கத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். தானியத்தின் பெயர் மாறியிருக்கிறது, குவியல் அப்படியே இருக்கிறது.

ராகியைக் குறை சொல்லவில்லை. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து வேறு எந்தத் தானியத்திலும் இல்லை, நார்ச்சத்தும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை, 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே பெண்ணிடம். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. அதற்கு மருந்து தட்டின் மறுபாதியில் இருக்கிறது: கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, முட்டை, கீரை.

குகை_நெசவு

அக்கா, எங்கள் தாத்தா மூணு வேளையும் களிதான். எண்பது வயது வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்?

உணவியல்_அஸ்தம்பட்டி

தாத்தா நாள் முழுக்கத் தறியில் கால் மிதித்திருப்பார், காட்டுக்கும் நடந்திருப்பார். சாப்பிட்டது அத்தனையும் உழைப்பில் செலவாகிவிடும் தம்பி. களியோடு கொள்ளும் கீரையும் மோரும் இருந்திருக்கும், சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஐந்து தடவை இருந்திருக்காது. அப்புறம், அந்தத் தலைமுறையில் சின்ன வயதிலேயே போனவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நமக்குக் கதை சொல்ல இருந்தவர்கள் பிழைத்தவர்கள் மட்டும்தானே.

தலைவாசல்_காடு

சோளம் எங்கே போனது என்று நான் சொல்கிறேன். கோழிக்குப் போனது.

எங்கள் தலைவாசல், கெங்கவல்லி, ஆத்தூர் பக்கம் மானாவாரி நிலத்தில் புரட்டாசி மழைக்கு இப்போது கண்ணுக்கு எட்டின தூரம் வரை மக்காச்சோளம். மனுசன் தின்ன இல்லைங்க, நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு. முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் போலத் தீவனம் தின்னும், அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். கறிக்கோழி ஒரு கிலோ எடை ஏற ஒன்றே முக்கால் கிலோ கிட்டத் தீவனம் வேண்டும். ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்த கறி வாரத்தில் நாலு நாள் ஆனால், நம் காட்டில் என்ன விளையும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நான் இதைக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. மக்காச்சோளத்துக்கு வியாபாரி காட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறான், ரொக்கம் கொடுக்கிறான். நாட்டுச் சோளம் போட்டால் யார் வாங்குவார்கள்? ஆனால் போனது என்ன என்று சொல்லத்தான் வேண்டும். சோளம் போட்டால் தானியம் வீட்டுக்கு, காய்ந்த சோளத்தட்டு மாட்டுக்கு. வருசம் முழுக்கத் தீவனப் போர் வீட்டுப் பக்கம் நிற்கும். அதற்குள் ஊடுபயிராகத் துவரை, தட்டைப்பயறு, அவரை. ஒரு காட்டிலிருந்து குழம்பு வரைக்கும் வந்துவிடும். மக்காச்சோளத்தில் களைக்கொல்லி அடிப்பதால் ஊடுபயிர் வைக்க முடிவதில்லை. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்துச் செலவும் கூடிவிட்டது. துவரம்பருப்பைக் கடையில் வாங்கித் தின்கிற விவசாயியாகிவிட்டோம், அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

புள்ளிவிவர_மாணவி

நான் கல்லூரியில் படிக்கிறேன், இந்த விஷயத்தில் ஒரு பாடக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு எண் குழப்புகிறது. உலக அளவில் பயிர்களின் நீர்த்தடத்தை, அதாவது ஒரு கிலோ விளைய மொத்தம் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதைக் கணக்கிட்ட மெக்கொன்னன், ஹூக்ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட பட்டியலில் நெல் ஒரு கிலோவுக்கு 1,673 லிட்டர். சிறுதானியம் ஒரு கிலோவுக்கு 4,478 லிட்டர்! அரிசியாகத் தீட்டிய பிறகு பார்த்தாலும் 2,500 லிட்டர்தான் வருகிறது. அப்படியானால் சிறுதானியம் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்று எல்லோரும் சொல்வது எப்படிச் சரியாகும்?

அயோத்தியாப்பட்டணத்தான்

இது எனக்கும் புதுசு. நீர்வளத் துறையில் இருந்தவர் ஒருவர் இங்கே எழுதுவார், அவர் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நிலநீர்_ஓய்வு

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. நீ எடுத்த பட்டியலிலேயே பக்கத்துக் கட்டங்களையும் பார். அவர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்திருப்பார்கள். மழையாக விழுந்து மண்ணில் ஈரமாக நின்று பயிர் உறிஞ்சுவது ஒன்று. ஆறு, ஏரி, கிணறு, போர் இவற்றிலிருந்து நாம் எடுத்துப் பாய்ச்சுவது இன்னொன்று. உரமும் மருந்தும் கலந்து கெட்ட தண்ணீரை நீர்க்கச் செய்யத் தேவைப்படுவது மூன்றாவது. சிறுதானியத்தின் 4,478-ல் 4,306 லிட்டர் முதல் வகை, வெறும் மழை ஈரம். பாய்ச்சிய தண்ணீர் 57 லிட்டர். நெல்லின் 1,673-ல் பாய்ச்சியது 341. மொத்த எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசலாம்.

சிறுதானியத்தின் மொத்தம் ஏன் பெரிதாக வருகிறது? ஏக்கருக்கு விளைச்சல் குறைவு, அதனால் கிலோவுக்கு வகுத்தால் எண் ஏறுகிறது. அந்த மழை நீ சாமை விதைத்தாலும் அந்தக் காட்டில்தான் விழும், விதைக்காமல் விட்டாலும் புல்லும் பூண்டும் அதைக் குடிக்கும். போரிலிருந்து எடுத்தது அப்படி இல்லை.

நம் மாவட்டத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சேலத்துக்குக் கீழே கெட்டிப் பாறை. சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமிக்கடியில் ஏரி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. மேலே சில பத்து அடிகளுக்குச் சிதைந்த பாறை, அதில்தான் வெட்டுக்கிணறு ஊறும். அதற்குக் கீழே விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவர்கள் பழைய தண்ணீரைத் தேடிப் போகிறார்கள், ஒரு நல்ல மழையில் அது திரும்ப நிரம்பாது. நம் வட்டாரங்கள் பலவற்றை மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. சேலத்துக்குக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்த பனமரத்துப்பட்டி ஏரியின் நிலையை எல்லோரும் பார்க்கிறோம். இன்றைக்கு நகரம் மேட்டூர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அயோத்தியாப்பட்டணத்தாரின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ராகி தின்றால் உங்கள் கிணறு ஊறுமா? ஊறாது. உங்கள் கிணற்றைத் தீர்மானிப்பது நீங்கள் விதைப்பது. நீங்கள் தின்பது வேறு யாரோ ஒருவர் கிணற்றையோ ஆற்றையோ தீர்மானிக்கிறது. ரேஷன் கடையில் வாங்கும் அரிசி டெல்டாவில் விளைந்திருக்கலாம், இந்திய உணவுக் கழகம் வழியாக வேறு மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். டெல்டா என்றால் அது மேட்டூர்த் தண்ணீர். 1934-ல் கட்டி முடித்த அணை, 93.47 டிஎம்சி கொள்ளளவு, நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கீழே போய் அரிசியாகி மூட்டையில் நம்மிடம் திரும்பி வருகிறது. நாட்டின் நெல் கிடங்கான பஞ்சாபில் ஒரு வருடத்தில் ஊறுகிற நிலத்தடி நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 செப்டம்பரில்தான் எடுத்தது. உலகத்தில் கைமாறும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது, அதனால் இங்கே கதவைச் சாத்தியதும் வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறியது. ஒரே தானியத்தின் மேல், அதுவும் பாய்ச்சல் தண்ணீரின் மேல் இத்தனை பேர் வயிறு நிற்பது நல்லதில்லை.

நம் ஊர்க் கிணற்றுக்கு நெல்லைவிடப் பெரிய கவலை பாக்குதான், என் அனுபவத்தில். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் முழுக்கப் பாக்குத்தோப்பு. பன்னிரண்டு மாதமும் ஈரம் வேண்டும், சித்திரை வெயிலிலும் நிறுத்த முடியாது. நெல்லை ஒரு வருடம் போடாமல் விடலாம், மரத்தை விட முடியாது. அது சாப்பாடும் இல்லை.

புள்ளிவிவர_மாணவி

ரொம்ப நன்றி சார். நான் மொத்தத்தை மட்டும் போட இருந்தேன், பிரித்தே எழுதுகிறேன்.

வாழப்பாடி_தோப்பு

சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் பாக்கு வைத்தவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். கூலி ஆள் கிடைக்கவில்லை, மரப்பயிர்தான் ஆளில்லாமல் நிற்கும். சொட்டுநீர் போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராகி போட்டுப் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்க முடியுமா சொல்லுங்கள்.

நிலநீர்_ஓய்வு

குற்றம் என்று சொல்லவில்லை தம்பி. வருமானம் அங்கே இருக்கும்போது விவசாயி அங்கேதான் போவான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் ஒரு ஏக்கர் தோப்பு சேர்த்தால் போருக்கு எந்த மிச்சமும் இல்லை என்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஏத்தாப்பூர்_கிழங்கு

குச்சிக்கிழங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. சேலம் என்றாலே ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது இங்கே தொடங்கிய தொழில், 1981-ல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் கொஞ்சம் வாங்குவதோடு சரி, பெரும்பகுதி மகாராஷ்டிரா பக்கம் விரத நாள் கிச்சடிக்குப் போகிறது. அங்கே விரதச் சாப்பாடு கூடினால் இங்கே கிழங்கு விலை ஏறும்.

உணவியல் அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழு மாவுச்சத்துதான், புரதம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பயிராகப் பார்த்தால் கிழங்கு வறட்சி தாங்கும், மோசமான மண்ணிலும் வரும். ஆலையில்தான் தண்ணீர் செலவு. கிழங்கைக் கழுவ, அரைக்க, மாவு படிய வைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர், வெளியேறுவது புளித்த நாற்றத்தோடு வரும். ஒழுங்காகச் சாண எரிவாயு போல வாயு எடுத்து, சுத்தம் செய்து விடுகிற ஆலைகள் உண்டு, ஓடையில் விட்டவர்களும் உண்டு. அப்படி விட்ட இடத்தில் பக்கத்துக் கிணறு கெட்டுப்போய்விடும். நீர்த்தடம் என்று பேசும்போது அளவை மட்டும் பார்க்காமல் எந்த நிலையில் திருப்பி விடுகிறோம் என்பதையும் பாருங்கள்.

மலைக்காரன்_நாகலூர்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே இருக்கிறவர்கள் சிறுதானியம் சிறுதானியம் என்று பேசும்போது மலையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் தினையும் ராகியும்தான் சோறு. சாமை தொண்ணூறு நாளில் வந்துவிடும், உரம் கேட்காது, மழை ஒன்றே போதும். அது ஏன் குறைந்தது? எல்லோரும் அரிசி ஆசை என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சாமையை உமி போக்கிச் சோறாக்குவதற்குள் உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போகும். விடியக் காலையில் எழுந்து குத்தி, புடைத்து, ஆக்கி வைத்துவிட்டு அப்புறம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். பஞ்ச காலத்தில் கிழங்கு தோண்டித் தின்ற கதை எங்கள் பெரியவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ரேஷன் அரிசி வந்தது, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே வந்தது. பசி போனது. பெண்களின் முதுகுவலி பாதி குறைந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு காரணம் காட்டுமாடு. கூட்டமாக இறங்கினால் ஒரு இரவில் காடு தரையாகிவிடும். அதைவிடக் குருவி. முன்பு ஊரே சாமை விதைத்தது, எல்லாக் காட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். இப்போது ஒருத்தன் மட்டும் விதைத்தால் மலையில் இருக்கிற குருவி அத்தனையும் அவன் காட்டில்தான். அதனாலேயே கடைசியாக விதைத்துக்கொண்டிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள்.

நீர் பற்றியும் சொல்ல வேண்டும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. ஒரு கோப்பைக் காப்பிக்கு 130 லிட்டர் தண்ணீர் என்று படித்துவிட்டு எங்களைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்பி இங்கே 1820-களிலிருந்து இருக்கிறது, சில்வர் ஓக், பலா நிழலில் நிற்கிறது, பெரும்பாலும் மழையில்தான் விளைகிறது, மரம் இருப்பதால் மண் மழையைப் பிடித்து வைக்கிறது. அய்யா மேலே சொன்ன முதல் வகைத் தண்ணீர் அது. எங்கள் சிற்றூர்களில் மாசி பங்குனிக்குக் குடத்தோடு அலைவதற்குக் காரணம் மலைச் சரிவில் சுற்றுலாவுக்காகப் போட்ட போர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வார இறுதியில் வருகிறவர்கள் குளிக்கும் தண்ணீர் எந்த நீர்த்தடப் பட்டியலிலும் வருவதில்லை.

ஓமலூர்_அம்மா

அண்ணா எழுதினதைப் படித்துவிட்டு மனசு கனத்துவிட்டது. சிறுதானியம் சமைக்கச் சொல்லும் ஆம்பளைங்க எல்லோரும் அதைப் படிக்கட்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ராகிக் களி வைத்தால் பெரியவன் தட்டைத் தள்ளிவிடுவான். அதனால் இட்லி மாவிலேயே கை வைத்தேன். நாலு பங்கு அரிசியில் ஒன்றரைப் பங்கை எடுத்துவிட்டுக் கம்பும் கருப்பு உளுந்தும் கூடப் போட்டேன். நிறம் கொஞ்சம் மாறும், ருசி நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் தட்டுவடை செட்டுக்குக் காசு கேட்டால் சுண்டல் வாரத்தில் மூணு நாள், தட்டுவடை ஒரு நாள். கொள்ளு ரசம் எல்லோருக்கும் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவில் முட்டை தருகிறார்கள், 1989-லிருந்து கொடுத்து வருகிறார்கள் என்று எங்கள் டீச்சர் சொன்னார், அது எங்கள் மாதிரி வீடுகளுக்குப் பெரிய பலம். நான் படிக்கும்போது அந்த முட்டைக்காகவே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை_கடை

வியாபாரியாக இரண்டு விஷயம். ஒன்று, பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று இருக்கிற சாமை, வரகு, குதிரைவாலியை வாங்காதீர்கள். அரிசியைத் தீட்டுவது போலவே தீட்டியிருப்பார்கள், தவிடு போனால் நார் போய்விட்டது. கொஞ்சம் மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அது சீக்கிரம் காறிப்போகும், அதனால் குறைவாக வாங்குங்கள். கடைக்காரர்கள் தீட்டினதை வைப்பதற்குக் காரணமே அது மாதக்கணக்கில் கெடாது என்பதுதான். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கும்போது சாமை அரிசி பொன்னியைவிட விலை கூட. கூலி வேலை செய்கிறவர் எப்படி வாங்குவார்?

இரண்டு, எண்ணெய். இதை யாரும் தொடவில்லை. ஒரு காலத்தில் சுற்றுவட்டார நிலக்கடலைதான் செக்குக்கு வரும். இப்போது நாடு தின்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியா பாமாயில். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது இங்கே லீ பஜாரில் டின் விலை கேட்டு எல்லோரும் போனும் கையுமாக நின்றோம். பரோட்டாக்கடை, பஜ்ஜிக்கடை, மிக்சர் எல்லாம் அந்த எண்ணெயின் மேல்தான் ஓடுகிறது. மானாவாரிக் கடலையை விட்டதும் வறுத்த தீனி பெருகியதும் ஒரே காலத்தில் நடந்தது.

அயோத்தியாப்பட்டணத்தான்

எல்லோரும் மனசு வைத்து எழுதியதற்கு நன்றி. எனக்கு இப்போது கேள்வியே வேறாகிவிட்டது. எந்தத் தானியம் என்பதைவிட மழையில் விளைந்ததா போரில் விளைந்ததா, தட்டில் தானியம் எவ்வளவு பயறு எவ்வளவு, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், அக்கா தட்டில் கூட்டச் சொல்லும் கொள்ளு, தட்டைப்பயறு, துவரை எல்லாமே எங்கள் மண்ணில் மழைக்கு வருகிறவை. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

ஆனால் வாழப்பாடிக்காரர் கேட்ட வருமானக் கேள்வியைத் தாண்ட முடியாது. 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை ராகிக்குக் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், சாதா நெல்லுக்கு 2,300. கேட்க நன்றாக இருக்கிறது. ஏக்கருக்கு ராகி 10 குவிண்டால் என்று வைத்தால் 42,900. நெல் 25 குவிண்டால் என்றால் 57,500. போரில் தண்ணீர் இருக்கிறவன், மின்சாரத்துக்குக் காசு கொடுக்காதவன், எதைப் போடுவான்? தண்ணீருக்கு விலை எதுவும் இந்தக் கணக்கில் ஏறவில்லை. அதோடு நெல்லுக்கு வாங்க ஆள் உண்டு, கொள்ளுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை.

2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அதை சேலத்துக்கும் கொண்டுவர வேண்டும், ராகியை நம் மாவட்ட மானாவாரி விவசாயியிடமே வாங்க வேண்டும், கூடவே கொள்ளோ தட்டைப்பயறோ ஒரு கிலோ சேர்க்க வேண்டும். அரிசியை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை, மலைக்காரர் சொன்னதைப் படித்த பிறகு அப்படிக் கேட்க யாருக்கும் மனசு வராது. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். மலைக்காரர் சொன்ன உரலில் குத்தும் கஷ்டம் தீர, உமி நீக்கும் இயந்திரம் ஊராட்சிக்கு ஒன்று என்பதையும் சேர்க்கிறேன். நாலைந்து ஊராட்சிகளில் ஒரே வாசகத்தோடு போட்டால் கலெக்டர் அலுவலகத்தில் கவனிப்பார்கள். வரைவை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

தலைவாசல்_காடு

எங்கள் ஊராட்சியில் நான் கொண்டுவருகிறேன். முட்டையையும் விட்டுவிடாதீர்கள், அதற்குத் தீவனமாக நாட்டுச் சோளமும் கம்பும் கொஞ்சம் சேர்க்க முடியும், பண்ணைக்காரர்கள் மக்காச்சோள விலை ஏறும்போது செய்கிறதுதான்.

குகை_நெசவு

உணவியல் அக்காவுக்கு ஒரு கேள்வி. அப்பாவுக்குச் சுகரோடு கிட்னியும் கொஞ்சம் பாதிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். கொள்ளு, பயறு கூட்டலாமா?

உணவியல்_அஸ்தம்பட்டி

கூட்டாதீர்கள் தம்பி, மருத்துவரைக் கேட்காமல் கண்டிப்பாக வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் புரதமும் பொட்டாசியமும் அளவோடுதான் போக வேண்டும், ராகியும் அவருக்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் இருக்கும், அந்தச் சீட்டோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். நான் இங்கே சொன்னது பொதுவாக நன்றாக இருப்பவர்களுக்கும் ஆரம்பநிலைச் சர்க்கரைக்கும் மட்டும்.

ஓமலூர்_அம்மா

எங்களுக்கு அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. இந்த வருசம் எதாவது விதைக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கொள்ளு எப்போது போடுவது, சாமை அங்கே வருமா?

மலைக்காரன்_நாகலூர்

கொள்ளு புரட்டாசி, ஐப்பசியில் போடுங்கள் தங்கச்சி, கடைசி மழை ஈரத்திலேயே வந்துவிடும். சாமை ஆடிப்பட்டத்துக்கு ஓமலூர்ச் செம்மண்ணில் தாராளமாக வரும். அரை ஏக்கரில் தனியாக மட்டும் போடாதீர்கள், பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் விதையுங்கள், அப்போதுதான் குருவி போக மிஞ்சும். விதை என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, ஆனி மாதம் கீழே இறங்கும்போது கொண்டுவந்து தருகிறேன்.